மேலே போனால் அடிப்பார்

கீழே இருக்கும்போது அவரைப் போல மிருதுவான மனிதரை நான் பார்த்ததில்லை. டீயில் எறும்பு மிதந்தால், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, இன்னொரு டீ கெடைக்குமுங்களா?" என்று கேட்பார். எதற்கு என்று கடைக்காரர் கேட்டால், "தாகமுங்க" என்பார். எறும்பைப் பற்றிச் சொல்லமாட்டார். மைதானத்தில் திரிந்த செவலை நாயிடம், "சித்தே தள்ளிப் படுத்துக்குங்க, எறக்கை சுத்தப் போவுது" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மேலே போனால் அடிப்பார்.

கேப்டன் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. விமானப்படையில் ஹெலிகாப்டர் பழகுகிறவர்களுக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். போத்தனூரில் ஒரு வாடகை வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கேப்டன் இறந்து ஏழு வருஷம் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த நூல் மில்லின் முதலாளி ஒரு ஹெலிகாப்டர் வாங்கினார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன மிஷின். வெளிநாட்டில் பார்த்து ஆசைப்பட்டாராம். ஆள் வைத்து ஓட்டுவது அவருக்குப் போதாது, தானே ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் கேப்டனை அழைத்து வந்தார்கள். மில்லுக்குப் பின்னால் பருத்திச் செடி பிடுங்கிய நிலத்தைச் சமன் செய்து மைதானம் ஆக்கினார்கள். பஞ்சு குடோனில் பேல் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டிருந்த என்னை அந்த மைதானத்துக்கு மாற்றினார்கள். கல் பொறுக்க வேண்டும், புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஆடு மாடு வந்தால் முடுக்கிவிட வேண்டும், டிரம்மிலிருந்து பெட்ரோலைக் கை பம்பில் அடித்து வடிகட்டி ஊற்ற வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஆகவே அந்த வேலை எனக்குப் பொருந்திவிட்டது. நாள் முழுக்கப் பேச வேண்டிய ஆள் கேப்டன் ஒருவர்தான். அவரும் கொஞ்சமாகத்தான் பேசுவார்.

அவர் அடிப்பதை முதலில் ஊருக்குச் சொன்னவர் காரமடைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அங்கே ஒரு கோயில் கும்பாபிஷேகம். கோபுரத்தின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூப் போட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். பூப் போடும் உரிமை கோயில் தர்மகர்த்தாவுக்கு. எழுபது வயது, பட்டு வேட்டி, மடியில் ஒரு சாக்கு நிறைய அரளியும் செவ்வந்தியும். கதவைக் கழற்றிவிட்டு அவரை உட்கார வைத்துப் பெல்ட்டை நான்தான் மாட்டினேன். கோபுரத்தை மூன்று முறை சுற்றினார்கள். கீழே குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. இறங்கியதும் பெரியவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க மாமா, பூப் போட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"பூவப் போட்டேன். சாக்கையும் சேத்து வெளிய எறியலாம்னு கையத் தூக்கினேன். பளார்னு வெச்சுப்போட்டாரப்பா! டேய்ங்கறாரு என்னைய! எங்கப்பன் போனதுக்கப்பறம் என்னைய டேய்னு கூப்புட்டவன் இவுருதான்."

கூட்டம் சிரித்தது. கேப்டன் ஓடி வந்து இரண்டு கையையும் கூப்பினார். "பெரியவங்க மன்னிச்சுப்போடுங்க. சாக்கு பறந்து பின்னாடி சுத்தற சின்ன எறக்கையில மாட்டுச்சுன்னா, நம்ம ரெண்டு பேரும் கோபுரத்து மேலதானுங்க எறங்கியிருப்போம்."

பெரியவருக்குச் சிரிப்பு நின்றது. கோபுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தனக்குப் போட்ட மாலையைக் கழற்றிக் கேப்டன் கழுத்தில் போட்டார்.

எதற்காக அடிக்கிறீர்கள் என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். பெட்ரோல் வடிகட்டிக்கொண்டிருந்தோம். துணியில் தங்கிய தண்ணீர் முத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயந்துபோன மனுசனுக்குக் காது கேக்காதுங்க. கைக்கு மட்டுந்தான் கேக்கும். அதனால கைகிட்டத்தான் சொல்லோணும். வாயில சொல்லிட்டு இருந்தவரு ஒருத்தரு எங்கூட இருந்தாரு. நல்ல வாத்தியாரு. விடு, விடுன்னு சொல்லிட்டே போய்ச் சேந்துட்டாரு. பழகுன பையன் கடைசி வரைக்கும் விடவே இல்லை."

அவர் கையால் நான் அடி வாங்கிய கதை இது. ஒரு புதன்கிழமை காலை. முதலாளிக்குப் பாடம் இருந்தது, அவசர வேலையாக அவர் பம்பாய் போய்விட்டார். வாரத்துக்கு ஒரு தடவையாவது மிஷினை ஓட்டி வைக்க வேண்டும். கேப்டன் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"ஏறுங்க தம்பி. நெதமும் பெட்ரோல் ஊத்தறீங்க, அது எங்க போவுதுன்னு பாக்க வேண்டாமா?"

"ஐயோ, அது மொதலாளி உக்கார்ற எடமுங்க."

"எடத்துக்கு அதெல்லாந் தெரியாதுங்க. வாங்க."

எனக்குத் தெரியும். எங்கள் மில்லில் ஒரு வாட்ச்மேன், மழைக்கு ஒதுங்கி முதலாளி காரின் பின் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மறுநாளே மேனேஜர் அவரை லைன் வீட்டிலிருந்து காலி செய்ய வைத்தார். பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு அவர் மனைவி கேட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். நானும் மில் கொடுத்த லைன் வீட்டில்தான் இருந்தேன். என் மனைவி அதே மில்லில் நூல் சுற்றும் கோன் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தாள். இரண்டு பெண் குழந்தைகள். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏறினேன். ஆசைதான்.

காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார். "வலது கையில இருக்கறது போற பக்கம். இடது கையில இருக்கறது ஏத்தம் எறக்கம். காலு ரெண்டும் மூக்கைத் திருப்பறதுக்கு. மூணையும் செய்யோணும், ஆனா ஒண்ணும் செய்யற மாதிரி இருக்கக் கூடாது. கோழிக்குஞ்சு புடிக்கற மாதிரி புடிங்க. நான் கையில தட்டினா எல்லாத்தையும் விட்டுப்போட்டுத் தொடை மேல கைய வெச்சுக்கோணும். அது ஒண்ணுதானுங்க பாடம். மத்ததெல்லாம் பழக்கம்."

தரை விலகியது. மேலே போகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. மில்லின் ஓட்டுக் கூரைதான் கீழே இறங்கியது. மேற்கே மலை முழுசாக எழுந்து நின்றது. அப்புறம் மைதானத்துக்குத் திரும்பி, ஆள் உயரத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார். அசையாமல் நின்றது. "இப்ப உங்ககிட்ட" என்றார். வலது கைப்பிடியை மட்டும் என்னிடம் விட்டார்.

மூன்று எண்ணுவதற்குள் மிஷின் வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் தள்ளியதைவிட இரண்டு மடங்கு சாய்ந்தது. திரும்ப வலப்பக்கம். பெயிண்ட் டப்பாவைக் கயிற்றில் கட்டி ஆட்டியதுபோல ஆடினோம். என் கை எனக்குச் சொந்தமில்லாமல் இறுகிவிட்டது. ஹெட்போனில் அவர் ஏதோ சொன்னது நினைவில்லை. மணிக்கட்டில் விழுந்ததுதான் நினைவிருக்கிறது.

"விடுடா!"

விட்டேன். மிஷின் அந்தக் கணமே நின்றது, ஆணி அடித்ததுபோல.

மூன்று தடவை கொடுத்தார், மூன்று தடவையும் அடி விழுந்தது. மில்லில் ஃபிட்டரிடம், மேஸ்திரியிடம் நான் அடி வாங்கியதுண்டு. அந்த அடிகளில் எல்லாம் அடிக்கிறவனின் வீட்டுச் சண்டையும் சேர்ந்திருக்கும். இதில் ஒன்றும் இல்லை. வலித்தது, அவ்வளவுதான். நாலாவது தடவை ஆறேழு விநாடி மிஷின் என் கையில் நின்றது. நான் அவரைப் பார்த்தேன். "என்னையப் பாக்காதடா, தூரத்துல பாரு" என்றார்.

இறங்கியதும், "வலிக்குதுங்களா? தேங்கா எண்ணெய் தேச்சுக்குங்க" என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். "நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றார்.

முதலாளி நாற்பது வயதுக்காரர். கெட்டவர் இல்லை. அவர் கையிலிருந்து எதையும் யாரும் இதுவரை பிடுங்கியதில்லை, அதுதான் சங்கதி. அவரிடம் ஃபைல் கொடுப்பவர்கள் இரண்டு கையாலும் கொடுப்பார்கள். அவராக நீட்டும் வரை திரும்ப வாங்கமாட்டார்கள். முதல் மூன்று பாடங்கள் நன்றாகப் போயின. நாலாவது பாடம், ஓரிடத்தில் நிறுத்திப் பழகுவது. இறங்கி வந்தபோது முதலாளியின் மணிக்கட்டு சிவந்திருந்தது. சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

மறுநாள் கேப்டனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் மைதானத்து வேலையாகச் சாவி வாங்கப் போய் வராந்தாவில் நின்றிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"கேப்டன், நான் பறக்கக் கத்துக்க வந்தேன். அடி வாங்க வரலை" என்றார் முதலாளி. "எங்கப்பாகூட என்னைய அடிச்சதில்லை. டேய் வேற."

"கோவத்துல இல்லீங்க. ஆரா இருந்தாலும் அடிக்கறதுதானுங்க. மேல அதான் பழக்கம்."

"ஆரா இருந்தாலும்னா? காரமடைப் பெரியவரு சங்கதி வேற. எங்க மில்லுல வேற ஆரை அடிச்சீங்க? எம்பட கையிலதான் வெக்கறீங்க."

பக்கத்தில் நின்ற மேனேஜர், "மிலிட்டரிக்காரருங்களுக்கு மொதலாளிமாருன்னாலே ஒரு எளக்காரமுங்க" என்றார்.

கேப்டன் தடுமாறினார். கீழே இருக்கும்போது அவருக்கு வாதாட வராது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் தேடியவர், வாய் தவறிச் சொல்லிவிட்டார். "இல்லீங்க. நம்ம மைதானத்துத் தம்பியக்கூட..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டார். கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

முதலாளி நேராகவே கேட்டார். "ஏப்பா, உன்னைய இவரு மேல கூட்டீட்டுப் போனாரா? உன்னையும் அடிச்சாரா?"

ஆமாங்க என்று சொன்னால் போதும். என்னை அடித்தவர் முதலாளியை அவமானப்படுத்த அடிக்கவில்லை என்று விளங்கியிருக்கும். ஆனால் முதலாளியின் சீட்டில் உட்கார்ந்தவன் நான் என்பதும் விளங்கியிருக்கும். மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். தலையில் பாத்திரம் சுமந்து போன அந்தப் பெண்பிள்ளை கண்ணில் வந்தாள்.

"இல்லீங்க மொதலாளி. நான் ஏறவே இல்லீங்க."

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று மீட்டரைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்.

"ஆமாங்க. நான்தான் வேற ஆளை நெனச்சுட்டுச் சொல்லிப்போட்டேன். தம்பி ஏறலைங்க."

"பாத்தீங்களா" என்றார் மேனேஜர்.

"நடந்தது போகட்டும். இனி எம்மேல கை படக் கூடாது. என்னன்னாலும் வாயில சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார் முதலாளி.

கேப்டன் வேலையை விட்டுப் போயிருக்கலாம். அந்த வயசில் அவருக்கு வேறு யாரும் மிஷின் தரமாட்டார்கள் என்பதும், மேலே போகாமல் அவரால் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சரீங்க என்றார். மைதானத்துக்கு இருவரும் நடந்தே திரும்பினோம். நான் பத்தடி பின்னால் வந்தேன். "வெயில் ஏறிப்போச்சுங்க, சித்தே தண்ணி தெளிச்சு விட்டுருங்க" என்றார். ஆபீசில் நான் சொன்னதைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். காலை எட்டரை மணி. முதலாளி தரையிறக்கிப் பழகிக்கொண்டிருந்தார். நான் வேலி ஓரத்தில் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மிஷினின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே இருப்பவர்கள் இடுப்புவரை தெரிவார்கள். முழங்கால் உயரத்திலிருந்து மெதுவாக இறங்கியது. இடதுபக்கத்து இரும்புக் கால் மட்டும் தரையைத் தொட்டது. வலதுகால் தொடவில்லை. அந்த நேரத்தில் இடது கை லீவரைக் கீழே விட வேண்டும், விட்டால் உட்கார்ந்துவிடும். கேப்டன் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறார். முதலாளி பயந்து மேலே இழுத்தார். தரையில் ஊன்றிய காலை வைத்து மிஷின் இடப்பக்கமாகக் கவிழ ஆரம்பித்தது.

கேப்டனின் கை உயர்ந்தது. நான் பார்த்தேன். அந்தக் கை மணிக்கட்டில் விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். விழவில்லை. பாதியில் நின்று, உள்ளங்கையை விரித்து, கேட்டு வாங்கும் கைபோல நீண்டது. அவர் வாய் அசைந்தது. "எங்கிட்டக் குடுங்க, குடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

இறக்கை தரையில் பட்டது. சத்தம் அப்புறம்தான் கேட்டது. இறக்கைத் துண்டு ஒன்று என் தலைக்குமேல் போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. நான் மணல் வாளியோடு ஓடினேன். தீப் பிடிக்கவில்லை. முதலாளி மேல்பக்கம் இருந்தார், தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பினார். அடியில் கேப்டன். இடுப்பு நொறுங்கியிருந்தது. நினைவு இருந்தது. "மொதலாளியப் பாருங்க" என்றார்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் கேட்டதை மேனேஜர் தமிழில் சொன்னார். என் முறை வருவதற்கு முன்னாலேயே, "நீ ஒண்ணும் பாக்கலை, அப்படித்தானே?" என்று அவர் கேட்டிருந்தார். நான் ஆடு முடுக்கிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு மைதானத்தில் ஆடு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேப்டனிடம் கேட்டதற்கு, "என்ற கையிலதானுங்க இருந்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னாராம். வாத்தியாரின் அலட்சியத்தால் நடந்த விபத்து என்று எழுதி, அவர் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த மிஷினிலும் ஏறவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்புப் பழத்தோடு போத்தனூர் போனேன். ரயில்வே லைனை ஒட்டிய சின்ன வீடு. கேப்டன் நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். பாதியாக இளைத்திருந்தார். "வாங்க தம்பி, வாங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவிதான் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த அம்மா அவரைப் போல இல்லை. நேராகப் பேசுகிறவர். "என்ன நடந்துச்சுன்னு இவரு வாயே தொறக்க மாட்டீங்கறாரு. அங்கிருந்தவரு நீங்க. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நான் ஏறியது, ஆபீசில் ஏறவில்லை என்று சொன்னது, அடிக்கக் கூடாது என்று முதலாளி சொன்னது, அந்தக் கை பாதியில் நின்றது, இல்லாத ஆடு. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசியதில்லை. கேப்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா எழுந்து போய் ஒரு முழுவெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"தம்பி, அடுத்த மாசம் வரைக்கும் மனு போடலாம்னு சொல்லியிருக்காங்க. அலட்சியம்ங்கற அந்த ஒத்தை வார்த்தைய எடுத்துட்டாங்கன்னா, இவருக்கு லைசென்ஸ் திரும்பி வரும். ஊணுகோலோடயே வந்து சொல்லிக் குடுக்கட்டும்னு ஒரு எடத்துல கேட்டிருக்காங்க. பாத்த ஆளு ஒருத்தரு எழுதிக் குடுத்தாப் போதும். உங்களுக்கு எழுத வருமா?"

"அஞ்சாவது வரைக்குமுங்க."

"நான் எழுதறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

நான் சொன்னதை அப்படியே எழுதினார். ஒரு பக்கம் வந்தது. படித்துக் காட்டினார். ஒரு தப்பும் இல்லை. அடியில் ஒரு கோடு போட்டுத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போனது. அது போய் முடிந்த பிறகும் பேனா என் கையில்தான் இருந்தது.

"உங்களுக்குக் கொழந்தைக எத்தனைங்க?" என்று கேட்டார் கேப்டன்.

"ரெண்டு பொண்ணுங்க."

"இன்னும் லைன் ஊட்டுலதான் இருக்கறீங்களா?"

"ஆமாங்க."

"ஊட்டுல அவிய இன்னும் கோன்லதானே வேலை?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மணி, தம்பி வந்து எத்தனை நேரமாச்சு. காப்பி போட்டுக் குடு."

"கையெழுத்துப் போடட்டும். அப்பறம் போடறேன்."

"இப்பவே போடு."

அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அடுப்படிக்குப் போனார். ஸ்டவ்வுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. பேனாவைத் தாளின்மேல் வைத்தேன். உருண்டு விழாமல் இருக்க மூடியைப் போட்டு வைத்தேன்.

காப்பி வந்தது. நல்ல காப்பி. சர்க்கரை போதுமா என்று கேப்டன் கேட்டார். போதுமுங்க என்றேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வெச்சுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா.